கவரைக் கழுவிக்கினு வாங்க

வாங்கிய கவரின் வாயை விரித்து மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை ஆழமாக முகர்ந்தாள் செவ்வந்தி. முகம் சுருங்கியது. கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பி வழியாகக் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

“இது கழுவனதா? தண்ணியக் காட்டிட்டு எடுத்துகினு வந்துட்டீங்க. சரி, மூல எங்க?”

“எந்த மூலை?”

“கவரோட மூல. மாவ ஊத்தக் கத்திரிச்சி எடுத்தீங்கல்ல, அந்தத் துண்டு.”

சுரங்கத்தில் ஏ ஷிப்டு முடிந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற அந்த மனிதருக்குக் கண் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். “அது எங்கயாவது கெடக்கும்மா” என்றார்.

“எங்கயாவதுன்னா? உங்க வூட்டு சாக்கடையில கெடக்கும். மழ பேஞ்சா என் வாசல்ல வந்து கெடக்கும். முழுசா வெட்டி எடுக்காதீங்க, பாதி வரைக்கும் வெட்டி வுடுங்க, அது ஒட்டிகினே தொங்கட்டும்னு எத்தினி வாட்டி சொல்றது? இன்னிக்கி மாவு உண்டு. அடுத்த வாட்டி மூல இல்லாம வந்தா கெடையாது.”

வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டே வியாபாரம் செய்கிற கடை மந்தாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கடை என்று சொல்வதும் மிகை. வாடகை வீட்டின் தெருப்பக்க ஜன்னல். அதற்குப் பின்னால் எவர்சில்வர் அண்டா. அண்டாவுக்குப் பின்னால் செவ்வந்தி. பெயர்ப் பலகை கிடையாது. ஜன்னலுக்குக் கீழே, எல்லா வீட்டு வாசலிலும் கிடப்பதுபோல, சுரங்கத்தின் பழைய கன்வேயர் பெல்ட்டில் அறுத்த ரப்பர் துண்டு ஒன்று மிதியடியாகக் கிடக்கும். அதன் மேல் நின்றுதான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் அம்மாக்களும் கான்ட்ராக்ட் ஆட்களும் இட்லி மாவு வாங்குகிறார்கள். அதன் மேல் நின்றுதான் வசவும் வாங்குகிறார்கள்.

ஒடிசலான உடம்பு. நாற்பதைத் தாண்டியவள். நைட்டிக்கு மேல் ஒரு ஈரத் துண்டு எப்போதும் தோளில் கிடக்கும். வலது காதில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டியிருப்பாள்; மாவு கவருக்குப் போடும் ரப்பர் பேண்டுதான். தேவைப்படும்போது காதிலிருந்து உருவிப் போடுவாள், அடுத்ததை எடுத்து மாட்டிக்கொள்வாள். கிரைண்டரோடு பேசுவாள். “இழு, இழு, என்னா முனகிகினு கெடக்குற” என்று கிரைண்டரை அதட்டும் குரல், அடுத்த வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் எனக்கு அலாரம்.

நான் பி.எஸ்சி. வேதியியல். எங்கள் வீட்டில் கட்டைவிரல் மை படாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. செவ்வந்திக்கும் கிடையாது. தெருவில் யாரிடம் பேசினாலும் என்னை “பக்கத்து வூட்டு டிகிரி” என்றுதான் குறிப்பிடுவாள்.

அவள் பிறந்தது வடக்குத்து. வாழ வந்தது இங்கே. கணவர் தனகோட்டிக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை; பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் கரியை வாரிப் போடுவது. கான்ட்ராக்ட் இருக்கிற மாதம் வேலை, இல்லாத மாதம் வீடு. வேலை இல்லாத மாதங்களில் அவர் துணி காயவைக்கிற கயிற்றில் கவர்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். பேச மாட்டார். அந்த வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் ஒருத்தியே பேசிவிடுகிறாள்.

இந்தக் கவர் பைத்தியம் எங்கே தொடங்கியது என்பது தெருவுக்கே தெரியும். பூமியைக் காக்கவேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், “மொதல்ல என் அரிசியக் காப்பாத்து” என்றிருப்பாள்.

எங்கள் தெருவில் பின்கட்டு தோறும் வெந்நீர் அடுப்பு உண்டு. அடுப்பில் எரிவது சுரங்கக் கரி. இந்தக் கரி சோம்பேறி. லேசில் பற்றாது, பற்றினால் அணையாது. முன்பெல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். மண்ணெண்ணெய் அருகிப்போனதும் ஊர் ஒரு புது வழி கண்டுபிடித்தது. ஒரு பிளாஸ்டிக் கவரை முறுக்கிக் கரிக்கு நடுவே செருகித் தீக்குச்சி கிழித்தால் போதும். அது உருகி, சொட்டுச் சொட்டாக நெருப்பாய் வழிந்து, கரியைப் பிடித்துக்கொள்ளும். பால் கவர், எண்ணெய் கவர் எல்லாம் ஆகும். மாவு கவர் தடிமனாக இருப்பதால் இன்னும் விசேஷம். ஒரு பெண் செவ்வந்தியிடமே வந்து மனதாரப் பாராட்டியிருக்கிறாள்: “உங்க கவரு நல்லா பத்துதுக்கா. ஒரே குச்சிதான்.”

அந்தப் பாராட்டின் அர்த்தம் ஒரு விடிகாலை அவளுக்குப் புரிந்தது. முற்றத்தில் ஊறப்போட்ட அரிசியின் மேல் சிலந்தி நூல்போலக் கறுப்பாக ஏதோ மிதந்தது. எடுத்து விரலில் தேய்த்தாள். மை மாதிரி ஈஷியது. நிமிர்ந்து பார்த்தால் காற்றில் இன்னும் வந்துகொண்டிருந்தது. அரிசியைக் கொட்டிவிட்டு, அதே ஈரத் துண்டோடு ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டாகப் போய் அடுப்பை எட்டிப் பார்த்தாள். எல்லா அடுப்பு வாயிலும் அவளுடைய கவர்களே கிடந்தன. உளுந்து வாடை இன்னும் போகவில்லை.

“என் மாவத் தின்னுட்டு என் அரிசி மேலயே கரியத் தூவுறீங்களா?” என்று அவள் தெருவில் நின்று கத்தியதை, அப்போது நான் இங்கே இல்லாவிட்டாலும், கேட்டவர்கள் அதே சுருதியில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? “எரிக்கக் கூடாதுன்னா எங்கதான் போடுறது? குப்ப டிராக்டர் வர்றது அமாவாசைக்கு ஒரு வாட்டி” என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலை அந்த இடத்திலேயே செய்தாள்.

“எங்கிட்டயே குடுங்க. கழுவிக்கினு வாங்க. பழைய கவர் குடுத்தாத்தான் புது கவர்ல மாவு. பாத்திரம் எடுத்துகினு வந்தா இன்னும் நல்லது, ஒரு கரண்டி சேத்து ஊத்துறன்.”

பாத்திரம் கொண்டுவருபவர் சிலரே. ஷிப்டு முடிந்து வழியில் வாங்கிப் போகிறவன் தூக்குவாளியை இடுப்பில் கட்டிக்கொண்டா சுரங்கத்தில் இறங்குவான்? ஆகவே கவர்தான். கவர் திரும்பி வர ஆரம்பித்தது. எப்படி வந்தது என்பதுதான் கதை.

மாவு உள்ளே காய்ந்து சுவர்ப் பூச்சாக ஒட்டியிருக்க வந்தது. முடிச்சுப் போட்டு, உள்ளே தண்ணீரும் பூசணமுமாக வந்தது. மிட்டாய்க் காகிதம், முட்டை ஓடு, பிள்ளையின் அழுக்கு டயப்பர்கூட உள்ளே வைத்து வந்தது. ஒருவன் மீன் செதிலோடு கொடுத்துவிட்டு பைக்கை முறுக்கினான். செவ்வந்தி பஸ் நிலையம் வரை பின்னால் ஓடி, அவன் பெட்ரோல் டேங்க்கின் மேலேயே அதைக் கொட்டிவிட்டு வந்தாள். வந்து கை கழுவிக்கொண்டு மாவு ஊற்றினாள். “இவனுக்கு வூட்ல குப்பக்கூட இல்ல போல. என்னப் பாத்தா குப்பக்கூடயா தெரியுது?”

முதல் மூட்டையைப் பழைய இரும்புக் கடை சாமிக்கண்ணுவிடம் கொண்டுபோனபோது அவன் தராசில் வைக்கவே இல்லை. மூட்டையைக் காலால் தள்ளினான். ஈரம், நாற்றம், முடிச்சு. நடுநடுவே சிப்ஸ் பாக்கெட்டுகள், உள்பக்கம் வெள்ளியாக மின்னுவது. “இத எவன்மா வாங்குவான்? ஒரு அழுக்குக் கவரு இருந்தா மூட்டையே நாறிப்பூடும். மேல அனுப்புனா திருப்பி என் தலையில கட்டுவாங்க.” அவளும் அவனும் நடுரோட்டில் நின்று சண்டை போட்டார்கள். சண்டை முடிந்தபோது அவளுக்கு வேலை முழுக்கத் தெரிந்திருந்தது. “அவன் என்னத் திட்டுனதத்தான் நான் உங்களத் திட்டுறன். என் சொந்தத் திட்டு ஒண்ணுகூட இல்ல” என்பாள். இது பொய். சொந்தத் திட்டு நிறைய உண்டு.

கவரை உள்வெளியாகத் திருப்பு. அதற்கென்று குழாயைத் திறக்காதே, பாத்திரம் துலக்கிய கடைசித் தண்ணீர் போதும். உதறு. கிளிப் போட்டுக் காயவை. முடிச்சுப் போடாதே, முடிச்சுக்குள் ஈரம் நின்றால் நாறும். இழுத்தால் நீள்வது ஒரு பையில், கசக்கினால் சரசரவென்று சத்தம் போடுவது வேறு பையில். அந்தச் சரசரப்பை இரும்புக் கடைக்காரன் சீந்த மாட்டான், அது டிராக்டருக்குத்தான். ஆகவே அதை வாங்கும்போதே ஒருமுறை யோசி. எண்ணெய் கவரா? கொஞ்சம் அரிசி மாவைப் போட்டுத் தேய்த்துவிட்டுக் கழுவு. பாட்டில் மூடியைத் தனியாக எறியாதே. இவ்வளவையும் ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவே சொல்லி முடிப்பாள்.

ஒரு நாள் நான் அவளிடம், இந்தக் கவரின் பெயர் பாலிஎத்திலீன், சுத்தமாக இருந்தால் உருக்கி மணியாக்கிக் குழாயாகவும் பக்கெட்டாகவும் வார்ப்பார்கள், அடுப்பில் அரைகுறையாக எரிந்தால் அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று விளக்கினேன். “பேரு எதுவா இருந்தா என்னா தம்பி, நாறாம இருந்தா சரி” என்றாள். பெயரும் தெரிந்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. மறுநாளே ஜன்னலில் குரல் கேட்டது: “சும்மா கவருன்னு நெனச்சிக்கினு எரிக்கிறீங்களா? அதுக்குப் பேரு பாலி எத்திலீனு! டிகிரி சொல்லியிருக்காரு. நெஞ்ச அடச்சிரும்!” கட்சியில் ஆள் சேர்ந்துவிட்டது.

அவளிடம் நியாயம் மட்டுமே இருந்தது என்று சொல்லமாட்டேன். காய்ச்சலோடு வந்த ஒரு கிழவரை, கவர் ஈரமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். சண்டை போடாத நாளில் சோர்ந்து தெரிவாள். ஆனால் காலையில் எங்கள் தெருவில் இப்போது கறுப்பு நூல் பறப்பதில்லை. தென்னம்பாளையை வைத்து அடுப்புப் பற்றவைக்கிறார்கள், திட்டிக்கொண்டேதான் பற்றவைக்கிறார்கள். கழுவிய கவர் வீட்டுக்கு வீடு கொடியில் தொங்குகிறது. ஒரு கூட்டம், ஒரு பேரணி, ஒரு உறுதிமொழி இல்லாமல் ஒரு தெரு மாறியிருக்கிறது. வசவினால் மாறியிருக்கிறது.

இந்த நிலையில்தான் டவுன்ஷிப்பில் ஒரு போட்டோ சுற்றியது.

என்னோடு வேலை பார்க்கும் குமரவேல் அதை என் போனுக்கு அனுப்பி, “உங்க பக்கத்து வூடுதான இது?” என்று கேட்டான். அவன் வீட்டுப் பெண்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம். போட்டது அவர்கள் பிளாக்கைச் சேர்ந்த சத்யா மேடம். எனக்கு அவரைத் தெரியும். வெகுகாலமாகச் செவ்வந்தியிடம் மாவு வாங்குகிறவர். கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட். பிளாக்கில் யாரோ நடத்திய ‘நெகிழி இல்லா இல்லம்’ போட்டியில் பரிசு வாங்கியவர். வெட்டிய பாட்டில்களில் மணிபிளான்ட் வளர்த்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்.

போட்டோவில் செவ்வந்தி வீட்டுப் பக்கவாட்டுக் கொடி. கொடி நிறையக் கவர்கள். கீழே எழுத்து: ‘மந்தாரக்குப்பத்தில் மாவு விற்கும் பெண்மணி நாம் தூக்கிப் போடும் பழைய கவர்களை வாங்கிக் கழுவி அதிலேயே மறுபடி மாவு அடைத்து விற்கிறார். போட்டோ பார்க்கவும். குழந்தைகள் உள்ளவர்கள் கவனம்.’

அதற்குக் கீழே வாந்தி எடுக்கும் பொம்மைகள் வரிசையாக. ஐயையோ என்றது ஒருத்தி. என் மாமியாருக்குப் போன மாதம் வயிற்றுப்போக்கு வந்தது இதனால்தான் என்றது இன்னொருத்தி. அனைவரும் படித்தவர்கள். ஒருவருக்காவது அந்த ஜன்னலுக்குப் போய், புதுக் கவர்க் கட்டு பிரிக்கப்படுவதைப் பார்த்துவிட்டு வரத் தோன்றவில்லை. அவர்களே வாரம் தவறாமல் அந்தக் கட்டிலிருந்து உருவப்பட்ட கவரில் மாவு வாங்கியவர்கள்!

செவ்வந்தியிடம் அதை நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள், நான் நிறுத்தியதும், “அவ்ளோதானா? கீழ இன்னும் எழுத்து இருக்குதே” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா.”

“படி தம்பி.”

படித்தேன். ‘அவங்க வடக்குத்து காலனியாமே. தெரியாதா உங்களுக்கு?’ என்று ஒருவர். ‘அப்படியா!! இத்தனை நாள் யாரும் சொல்லவே இல்லையே’ என்று சத்யா மேடம்.

அந்த இரண்டு வரிகளில் கவர் இல்லை. கழுவியதா கழுவாததா என்ற பேச்சு இல்லை. ஒரு ஊரின் பெயரும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் இரண்டு ஆச்சரியக்குறிகளும் மட்டுமே. என் கையில் போன் சுட்டது.

செவ்வந்தி கத்தவில்லை. காதிலிருந்த ரப்பர் பேண்டை உருவி விரலில் சுற்றி, சுற்றி, விரல் நுனி வெளுக்கும்வரை சுற்றினாள்.

“மாவு வாங்குறப்ப ஒருத்தரும் எந்தூருன்னு கேக்கல. கவர் கழுவுனா கேக்குறாங்க” என்றாள்.

அடுத்தவர் போட்டதை எடுத்துக் கழுவுகிறாள் என்றால் அவள் யாராக இருப்பாள் என்று அவர்களாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். படிப்பு இந்தக் கணக்கை அழிக்கும் என்று நம்பித்தான் நான் படித்தேன். அந்தக் குழுவிலும் எல்லாரும் படித்துத்தான் இருக்கிறார்கள்.

மாவு காத்திருக்காது. அதுதான் இந்தத் தொழிலின் கொடுமை. அரிசி விற்பவன் நாளைக்கு விற்பான்; இரும்பு விற்பவன் அடுத்த வருஷம் விற்பான். அரைத்த மாவு மாலைக்குள் போகவில்லை என்றால் பொங்கி அண்டாவின் விளிம்பைத் தாண்டும், மறுநாள் புளிக்கும், அதற்கு மறுநாள் மூக்கைப் பொத்தவேண்டும். டவுன்ஷிப் ஸ்கூட்டர்கள் வராத ஜன்னலுக்குப் பின்னால் செவ்வந்தி கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பணியாரம் ஊற்றினாள். மிஞ்சியதைத் தென்னைமரத்தடியில் கொட்டினாள். இரண்டு தடவை ஓடிய கிரைண்டர் ஒரு தடவை ஓடியது. தனகோட்டிக்கு அந்த மாதம் கான்ட்ராக்ட் இல்லை. கிரைண்டர் நின்றால் அந்த வீடு நிற்கும். அது அவளுக்கும் தெரியும், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனவர்களுக்கும் தெரியும்.

புத்திமதி மட்டும் தாராளமாக வந்தது. “கவரப் பின்னாடி ரூமுல காயப் போடு செவ்வந்தி, யாரு கண்ணுலயும் படாது” என்றாள் எதிர்வீட்டுக்காரி. தனகோட்டியே வாய் திறந்தார்: “கவர வாங்காத, வுட்டுடு. ஊரு மாதிரி வித்துட்டுப் போவோம். எரிச்சா எரிக்கட்டும்.”

“எரிக்கட்டுமா? திரும்பவும் என் அரிசியில வந்து வுழும், வாரிகினு இரு.”

“வித்தாத்தான அரிசி.”

அவள் எழுந்து போய்ப் பக்கவாட்டுக் கொடியை அவிழ்த்தாள். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு மேலே, வருகிறவன் தலை குனிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும் என்கிற உயரத்தில், அதைத் திரும்பக் கட்டினாள். ஈரக் கவர்கள் வாசலுக்கு முன்னால் காற்றில் படபடத்தன. “ஒளிச்சா திருட்டுன்னு ஆயிடும்” என்றாள்.

நான் என் பங்குக்கு ஒரு அறிவிப்பு எழுதினேன். ‘வாடிக்கையாளர் கவனத்திற்கு. திரும்பப் பெறப்படும் கவர்கள் மறுசுழற்சிக்கு மட்டுமே அனுப்பப்படுகின்றன. அவற்றில் மாவு அடைக்கப்படுவதில்லை என உறுதி அளிக்கிறோம்.’ பிழையில்லாத தமிழ். கொட்டை எழுத்து. படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“உறுதி அளிக்கிறோமா? நான் என்னா தப்பு பண்ணன், உறுதி குடுக்குறதுக்கு? அவங்கள எழுதி ஒட்டச் சொல்லு தம்பி. குப்பையக் கலந்து போட மாட்டோம், எரிக்க மாட்டோம், அடுத்தவ பொழப்புல மண்ணு போட மாட்டோம்னு உறுதி அளிக்கிறோம்னு எழுதி, அவங்க வூட்டு வாசல்ல ஒட்டச் சொல்லு.” தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்க. கையெழுத்து முத்து முத்தா இருக்குது.”

இப்படியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கொடிக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார் சத்யா மேடம்.

நான் மாவு வாங்க நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர். மேடத்தின் கையில் மூடி போட்ட எவர்சில்வர் சம்படம். செவ்வந்திக்கு எதுவும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார் என்பது சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

“என்ன செவ்வந்தி, நல்லா இருக்கீங்களா? திடீர்னு நாத்தனார் ஃபேமிலியோட வராங்க. அங்க கடையில மாவு தீந்துபோச்சு.”

“வாங்க மேடம்.”

“கவர் வேணாம். இதுல ஊத்திடுங்க.”

“ஏன் மேடம், கவருக்கு என்னா?”

“இல்ல… பிளாஸ்டிக்கக் கொறைக்கலாமேன்னு.”

“நல்லது மேடம். நானே கெஞ்சிகினு கெடந்தன், பாத்திரம் எடுத்துகினு வாங்கன்னு.” சம்படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். “கடைசியா வாங்கன கவரு எங்க மேடம்? ரொம்ப நாளா திரும்பி வரலியே.”

“அது… குப்பை வண்டியிலேயே போட்டாச்சு.”

“கழுவியா?”

மேடம் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தார்.

“மாவு ஒட்டிகினு, முடிச்சுப் போட்டு, காய்த் தோலோட சேத்து. அதான மேடம்?”

“எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க செவ்வந்தி…”

“ஆமா மேடம். எல்லாரும் போடுறாங்க. அத யாரும் போட்டோ எடுக்கல.”

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி க்ளுக்கென்று சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டாள். மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. காதோரம் மட்டும் சிவந்தது. “நான் வந்து… யாரோ சொன்னாங்கன்னு…” என்று ஆரம்பித்தார். போய்விடலாம். ஸ்கூட்டர் நான்கடி தள்ளித்தான் நின்றது. ஆனால் வீட்டுக்கு நாத்தனார் வந்துகொண்டிருந்தார்.

செவ்வந்தி கரண்டியை எடுத்தாள். எடுத்ததை அண்டாவின் மூடி மேல் குப்புற வைத்தாள். எழுந்து குழாயடிக்குப் போய், நாங்கள் எல்லாரும் பார்க்க, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். வலது கையை அண்டாவுக்குள் விட்டாள். விரல்களை விரித்து அடிவரை இறக்கி, மெதுவாக, ஒரு சுற்று, இன்னொரு சுற்று கலக்கினாள். கையைத் தூக்கியபோது மாவு முழங்கையிலிருந்து வெள்ளைத் திரையாக வழிந்து அண்டாவிலேயே விழுந்தது. பார்வை மட்டும் மேடத்தின் முகத்தை விட்டு நகரவில்லை. குவித்த கையாலேயே அள்ளி அள்ளிச் சம்படத்தில் போட்டாள். நிரம்பியதும் விளிம்பை ஆள்காட்டி விரலால் சுற்றி வழித்து அதையும் உள்ளே உதறினாள்.

பாத்திரத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். இன்று வைக்கவில்லை. மாவு அப்பிய கையாலேயே சம்படத்தைப் பிடித்து, மேடம் கையோடு வாங்கிக்கொள்ளட்டும் என்று கம்பிக்கு வெளியே நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு பெல்ட் ரப்பரின் மேல் விழுந்தது. அவள் கையை இறக்கவில்லை.